ஏரி வைக்கும் உலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெருமாளைப் பார்க்க வருவதில்லை. சுவரைப் பார்க்க வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களும், தேர்தல் நேரத்தில் கேமராவோடு வந்திறங்கும் தொலைக்காட்சிக்காரர்களும் அந்தக் கல்லெழுத்தைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலை போட்டு ஆள் தேர்ந்த ஊர் என்கிறார்கள். சரிதான். முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டிய சாசனங்கள் அவை. குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்த சிறுவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அப்படி எடுத்த முப்பது பேரை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு. பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு. ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. முப்பதில் பதினெட்டுப் பேருக்குத் தண்ணீரும் தோட்டமும்தான் வேலை. ஆண்டு வாரியத்தில் உட்கார வைக்க ஆள் தேடும்போதும், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்களுக்கே முதல் இடம். கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் அவர்களோடு சேர்வார்கள். பதவிக்காலம் 360 நாள். ஒரு மழையிலிருந்து அடுத்த மழை வரைக்கும் என்று நான் அதை வாசித்துக்கொள்கிறேன்.

இன்று "உள்ளூரில் விளைந்ததை அந்தந்தப் பருவத்தில் சாப்பிடுங்கள்" என்று மருத்துவரும் சொல்கிறார், சென்னையின் இயற்கை அங்காடிக்காரரும் சொல்கிறார். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அது கூடையோடு கடைக்குப் போகிறவரைப் பார்த்துச் சொல்வது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர் கையில் இருப்பதாக நினைத்துச் சொல்வது. உத்திரமேரூர் வட்டாரத்தில் பருவத்துச் சாப்பாடு அப்படி யாரும் தேர்ந்தெடுத்ததாக இருந்ததில்லை. மதகு எப்போது திறக்கிறது, திறந்த தண்ணீர் யாருடைய நிலத்துக்குப் பாய்கிறது: இந்த இரண்டும் தீர்ந்த பிறகுதான் உலை.

தொண்டை மண்டலத்துக்குக் காவிரி வாய்க்கவில்லை. பாலாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் வந்து சேர்ந்தாலும் கதை மாறுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கொட்டுவதைப் பிடித்து வைக்காவிட்டால் மாசியில் மாட்டுக்குக் காட்டக்கூடத் தண்ணீர் இருக்காது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்று பெயர் வந்தது இதனால்தான். உத்திரமேரூர்ப் பெரிய ஏரி பல்லவன் தந்திவர்மன் காலத்தது. வைரமேகன் என்ற அவனுடைய பெயராலேயே கல்வெட்டுகள் அதை வைரமேக தடாகம் என்கின்றன. அதைத் தூர்வாருவதற்கும் செப்பனிடுவதற்கும் ஊர்ச்சபை வழிசெய்த செய்தியும் இந்த ஊர்க் கல்லில் உண்டு. ஏரி ஒரு முறை வெட்டினால் முடிகிற வேலை இல்லை. ஆண்டுதோறும் வண்டல் ஏறும், ஆண்டுதோறும் எடுக்கவேண்டும். எடுத்த வண்டல் வயலுக்கு எரு.

தென்கிழக்கே இருக்கும் வேடந்தாங்கலில் இதே கணக்கு பறவை வழியாக நடந்தது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று கண்ட ஊரார், பறவையைச் சுட வருகிறவர்களைத் தடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்த உரிமைக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைப் பாசம் அதில் எவ்வளவு, சோற்றுப் பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஏரியில் தண்ணீர் நின்றால் நெல். இந்த வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று போகப் பெயர்கள்: சம்பா, நவரை, சொர்ணவாரி. ஆடி ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது சம்பா. மார்கழி தையில் நட்டுச் சித்திரையில் அறுப்பது நவரை. முழுக்க முழுக்க ஏரியில் தேங்கிய தண்ணீரின் பயிர். சித்திரையில் தொடங்கி ஆடியில் முடியும் சொர்ணவாரி, கிணறும் கோடை மழையும் கைகொடுத்தால் மட்டும் நடக்கிற போகம். தஞ்சாவூர்க்காரரிடம் சொர்ணவாரி என்றால் விழிப்பார். அவருக்குக் குறுவை, சம்பா, தாளடி. ஒரே நெல், ஒரே மாநிலம். தண்ணீர் வரும் வழி மாறியதால் போகத்தின் பெயரே மாறிவிட்டது.

தையில் ஏன் பொங்கல் என்பதற்குச் சூரியன் வடக்கே திரும்புவதைக் காரணம் காட்டுவார்கள். பயிர் வேறொரு காரணம் வைத்திருக்கிறது. பழைய சம்பா ரகங்கள் பகல் நேரம் குறைவதை உணர்ந்து கதிர் விடுபவை. நடவு ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும், ஐப்பசியில் பகல் சுருங்கிய பிறகுதான் பூக்கும். அறுப்பு தையில் வந்து நிற்கும். கொடி அவரையும் மொச்சையும் இதே குணம் கொண்டவை. தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். காயாகத் தின்றால் அவரை, கொட்டையாகத் தின்றால் மொச்சை. ஆடியில் கூரைமேல் ஏற்றிவிட்ட கொடி புரட்டாசி வரைக்கும் வெறும் இலையாகப் படர்ந்து வீட்டுக்காரரைச் சோதிக்கும். பகல் குறுகியதும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து மார்கழியில் காய்த்துக் கொட்டும். ஆக, பொங்கல் பானையில் புது அரிசியும் பக்கத்துச் சட்டியில் மொச்சையும் சேர்ந்து வேகின்றன என்றால் அது யாரோ ஒரு பாட்டியின் கைப்பக்குவம் மட்டும் இல்லை. ஒரே கடிகாரத்தைப் பார்த்து இரண்டு பயிரும் முற்றுகின்றன.

அந்தப் பொங்கல் குழம்பை இந்தப் பக்கத்து வீடுகளில் வைக்கும் முறை எளிது, ஆனால் காய்கள் அதிகம். மொச்சை, அவரை, பறங்கி, பூசணி, கத்தரி, வாழை, சர்க்கரைவள்ளி, கருணை என்று கிடைப்பதெல்லாம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சேரும். புளியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, வெந்ததும் இறக்குவார்கள். அதன் உண்மையான ருசி மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மறுபடி மறுபடி சுட வைத்துச் சுண்டிப்போன அடிக்குழம்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மொச்சையை இரவு ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு கொட்டையாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம் பருப்புக் குழம்பு அடுத்த வாரத்துக்கு. பிதுக்க ஆள் வேண்டும். ஆள் என்றால் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். பருவ உணவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த மணிநேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தை முடிந்தால் ஏரி சுருங்கத் தொடங்கும். சுருங்கும் ஏரியில் விரால், கெளுத்தி, கெண்டை. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். மாவடு உப்பில் விழும். கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் மோரிலும் உப்பிலும் ஊறி மொட்டை மாடிக்கு ஏறும். வற்றல் என்பது காயைச் சேமிப்பது என்று நினைக்கிறோம். கோடையின் வெயிலைச் சேமிப்பது என்றும் சொல்லலாம், ஐப்பசியில் காய் அழுகும் மழைக்கு நடுவே அந்த வெயில்தான் எண்ணெயில் பொரிகிறது. சித்திரையில் நுங்கு, வெள்ளரி, தர்பூசணி, வேப்பம்பூ ரசம். பனை மட்டும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது: சித்திரை வைகாசியில் நுங்கு, வெட்டாமல் விட்டால் ஆவணி புரட்டாசியில் பழம், அந்தப் பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் தையில் கிழங்கு. ஏரிக்கரையைப் பிடித்து நிறுத்த நட்ட மரம் மூன்று தவணையாகச் சோறு போடுகிறது.

மழைக்காலம்தான் இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத பருவம். நெல் வயலில் நிற்கிறது, குதிரில் பழைய நெல் அடியில் கிடக்கிறது, கொடிகள் இன்னும் காய்க்கவில்லை. ஆனால் விதைக்காதவை எல்லாம் அப்போதுதான் வருகின்றன. முதல் மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கை வைத்துப் பிடித்து, இறகை உதிர்த்து, அரிசியோடு சேர்த்து வறுத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வரப்பு வளைகளில் நண்டு. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் சளிக்கு அதைவிட மருந்து இல்லை என்று இங்கே எந்த வீட்டிலும் சொல்வார்கள். கால்வாய் ஓரம் பொன்னாங்கண்ணி, ஈரத்தரையில் வல்லாரை, மேட்டில் பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, குப்பைமேட்டில் குப்பைக்கீரை. எது கிடைக்கிறதோ அதையெல்லாம் ஒரு கைப்பிடி பறித்து ஒன்றாகக் கடைந்தால் கலவைக் கீரை. அதற்குச் செய்முறை எழுத முடியாது; நேற்றைய கலவை இன்றைக்கு வராது.

இவற்றில் ஒன்றுக்கும் பட்டா கிடையாது. நான் நிற்க விரும்பும் இடம் இது.

குடவோலைச் சாசனத்தில் ஓலையில் பெயர் எழுத வேண்டுமென்றால் கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்கவேண்டும், வேதக்கல்வி வேண்டும். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்கு விட்ட ஊர், சபை அவர்களுடையது. உண்ணக்கூடாததை உண்டு, பின் பிராயச்சித்தம் செய்து சுத்தமானவரும்கூட ஆயுள் முழுக்கக் குடத்துக்கு வெளியேதான் என்று 921-ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. ஏரியை மேற்பார்த்தவர்களின் ஓலை குடத்தில் விழுந்தது. ஏரியின் சேற்றை அள்ளியவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் ஓலையே கிடையாது.

இந்தப் பிளவு சோழர் காலத்தில் முளைத்ததில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடி கொண்டது. பரிசிலுக்குப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்த நூலை ஒரு சாப்பாட்டு வரைபடமாகவும் வாசிக்கலாம். வறண்ட காட்டில் எயினர் பெண்கள் இரும்பு முனை வைத்த கோலால் நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து, நிலத்தில் குழித்த உரலில் குற்றி, உலர்ந்த ஊனோடு சோறு சமைத்துக் கொடுக்கிறார்கள். இடையர் குடியில் தினையும் பாலும். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருதத்து உழவர் வீட்டில் நெல்லுச் சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும், மாவடு ஊறுகாயும். சில காதம் நடந்தால் இலை மாறிவிடுகிறது. நடந்தவன் ஒருவனே, அந்தந்த நிலத்துக்காரர்கள் தங்கள் இலையைத் தாண்டிப் போனதாகப் பாட்டில் இல்லை.

எறும்புப் புற்றைக் கிளறிய அந்தக் கோல் இன்றும் இருளர் கையில் இருக்கிறது. இந்த மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர்கள் அறுப்பு முடிந்த வயலில் எலிவளையைக் கண்டுபிடித்து வெட்டுவார்கள். எலி கறிக்கு. எலி சேர்த்து வைத்த கதிர் உலைக்கு. நிலம் இல்லாதவருக்கு அந்த நெல்லே சம்பா அறுவடை. பாம்பு பிடிக்கும் திறமைக்காக உலகம் அவர்களை அறியும். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு நஞ்சு கொடுக்கிறது. வயலில் எலியைப் பிடித்துத் தின்பதால் எத்தனை மூட்டை நெல் மிச்சமாகிறது என்று விவசாயிகளுக்குத் தெரியும். விருந்தில் அதைச் சொல்லமாட்டார்கள்.

பிரிட்டிஷார் காலத்தில் கதை தாளில் ஏறியது. செங்கல்பட்டுப் பகுதி 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து ஏரி, வயல், வீடு என்று கணக்கெடுத்தார். விளைச்சலிலிருந்து வெட்டியான், தச்சன், கொல்லன், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் களத்திலேயே மேரையாகப் போன பங்கையும் அக்காலத்துக் கணக்குகள் காட்டுகின்றன. வரலாற்று ஆய்வாளர் தரம்பாலும், அவருக்குப் பின் சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தாரும் இந்த ஆவணங்களிலிருந்து வளமான, பகிர்ந்துண்ட ஒரு சமூகத்தை எழுப்பிக் காட்டினார்கள். பங்கு இருந்தது உண்மை. ஆனால் பங்கின் அளவைத் தீர்மானித்தவர் யார் என்ற கேள்விக்கு 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை வேறு பதில் சொல்கிறது. பறையர் குடிகளுக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் எழுப்பிவிடலாம் என்று அதில் எழுதினார். மறு ஆண்டே பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. மனையே தன்னுடையது இல்லை என்றால் அவரைக் கொடியை எந்தக் கூரையில் ஏற்றுவது?

நெல் கைக்கு எட்டாத வீடுகளில் மேட்டு நிலத்துக் கேழ்வரகும் கம்பும்தான் சாப்பாடு. அதன் நினைவு ஆடி மாதத்தில் ஊருக்கு ஊர் கொப்பரையில் கொதிக்கிறது. மாரியம்மனுக்கும் கங்கையம்மனுக்கும் கூழ் வார்ப்பது தொண்டை மண்டலம் முழுக்க நடக்கும். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி வெந்ததும் அதில் ஊற்றித் துடுப்பால் கிளறுவார்கள். மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்போடு குடிப்பார்கள். கருவாடும் உப்பும் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருபவை, உப்பென்றால் மரக்காணம்.

ஆடியில் ஏன் கூழ்? அம்மை நோய்க்குக் குளிர்ச்சி என்பார்கள். என் வாசிப்பு வேறு. சம்பா நெல் குதிரில் வற்றியிருக்கும், சொர்ணவாரி எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் கிடைக்காது, அடுத்த விதைப்புக்கு உழவேண்டும், உழைக்க உடம்பில் தெம்பு வேண்டும். வீடு வீடாகக் கேழ்வரகு தண்டி, ஒரே கொப்பரையில் போட்டு, வந்தவருக்கெல்லாம் ஊற்றிவிட்டால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வெளியே தெரியாது. அம்மன் பெயரால் ஊர் தன் பசியை மறைத்துக்கொண்ட ஏற்பாடு அது. சத்தும் அதில் இருக்கிறது: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, அரிசியில் பத்துக்கு முன்பின். புளிக்கவைப்பதால் அந்தச் சத்தைக் கட்டிவைக்கும் ஃபைட்டேட் குறைந்து உடம்பில் ஒட்டுகிறது. சத்து அட்டவணை இல்லாமலே இதைச் செய்தவர்களைப் புகழலாம்; வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்.

மறுபக்கத்தில் இன்னொரு சமையல் அப்படியே உறைந்து நிற்கிறது. கோயில் மடைப்பள்ளி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியில் அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்; மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மணிக்கணக்கில் வேகும். மிளகாய் இல்லை. சோழர் கல்வெட்டுகளின் அமுதுபடிப் பட்டியலும் இதே குடும்பம்தான்: அரிசியமுது, பருப்பமுது, நெய்யமுது, கறியமுது, மிளகமுது, தயிரமுது, அடைக்காயமுது. போர்ச்சுகீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்த மிளகாய்க்கு அங்கே இடமில்லை. மிளகைப் போல உறைக்கும் காய் என்று நம் மொழி அதற்குப் பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்ட பிறகும் பெருமாள் சேர்த்துக்கொள்ளவில்லை. பிராமண வீட்டுத் திவசச் சமையலும் அப்படியே. தக்காளி, உருளை, கேரட், முட்டைகோஸ் எல்லாம் இங்கிலீஷ் காய். வாழைக்காய், அவரை, பாகல், புடலை, சேம்பு நாட்டுக்காய். செத்தவர்களுக்குப் பழைய பருவத்தையே பரிமாறுகிறோம்.

ஆனால் அந்தப் பழைய இலையிலும் மிளகு இருக்கிறது. மிளகு தொண்டை மண்டலத்தில் விளைவதில்லை. மேற்கு மலை தாண்டி வரவேண்டும். பெரும்பாணாற்றுப்படை காலத்திலேயே வந்துவிட்டது. இன்று இந்த வட்டாரத்தின் மேட்டு நிலமெங்கும் விளையும் வேர்க்கடலை தென்னமெரிக்கச் செடி. மணிலாக்கொட்டை என்றும், தெற்கே போகப்போக மல்லாட்டை என்றும் பேச்சில் தேய்ந்த அதன் பெயரே அது கப்பலேறி வந்த கதையைச் சொல்கிறது. ஆகவே உள்ளூர் என்பதற்குச் செடியின் பிறப்பிடத்தைச் சான்றிதழாகக் கேட்டால் நம் அடுப்பில் பாதி அணைந்துவிடும். இந்த மண்ணின் மழையையும் வெயிலையும் நம்பி வளர்ந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அந்தக் கணக்கில் மல்லாட்டை உள்ளூர். கண்ணாடிக் குடிலில் குளிரூட்டி வளர்த்த நாட்டுக்கீரை வெளியூர்.

பயிர்கள் பகலின் நீளத்தைப் பார்த்து முற்றிய அந்தக் கடிகாரம் எப்போது நின்றது? என்னால் ஓரளவுக்குச் சொல்ல முடியும். 1921-இல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் கோணமணி வயலில் கண்ட ஒரு தனிச் செடியிலிருந்து ஜி.இ.பி. 24 என்ற ரகத்தை எடுத்தது. மக்கள் வாயில் கிச்சிலிச் சம்பா. அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.எம். 6 பிறந்தது. தண்டு துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை எடுத்துக் கலந்து 1969-இல் ஐ.ஆர். 20 கொடுத்தார்கள். எழுபதுகளில் தமிழ்நாட்டு வயல்களை நிரப்பிய ஐ.ஆர். 20-இல் தொண்டை மண்டலத்து ரத்தம் ஓடியது. அதற்குப் பின் வந்த குறுகிய வயது ரகங்கள் பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை; நட்ட நாளை எண்ணி, நூற்றுச் சில்லறை நாளில் முற்றும். குத்து அவரையும் அப்படியே. ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் சேர்ந்தபோது மதகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்காத இடத்தில், வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டிக்கு வேலையில்லை; நீர்க்கட்டி இல்லாத ஊரில் வரத்துக்கால்வாய் தூர்ந்ததை முதலில் கவனிக்க ஆளில்லை. குடிமராமத்துத் திட்டத்தை 2017-இல் இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கினார்கள். மண் வாரினார்கள். வாரியம் வரவில்லை.

இன்னொரு பக்கம் நியாயவிலைக் கடை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்று தொடங்கி, 2011 முதல் அரிசி விலையில்லாமல் என்று வந்து நிற்கிறது. ஆடிப் பசியைத் தீர்த்தது இந்த அரிசிதான். சிறுதானியத்தை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ளவேண்டும். கேழ்வரகு போய் அரிசி வந்தபோது சுண்ணாம்புச்சத்து குறைந்தது, சர்க்கரை நோய் ஏறியது, உண்மை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மறைக்கவேண்டிய அவமானமும் குறைந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் பெரும்பாலோர் ஒன்றைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது இந்த ஊர்களில் விடியற்காலையில் கம்பெனி பேருந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் ஏறிப் போகிறார்கள். கலவைக் கீரை பறிக்கத் தெரிந்த கைகள் அவர்களுடைய பாட்டிகளோடு வீட்டில் இருக்கின்றன. 90 கிலோமீட்டரில் சென்னை. உள்ளூர்த் தோட்டத்துக் காய் இரவில் கோயம்பேட்டுக்கு லாரி ஏறுகிறது. அங்கிருந்து ஊட்டிக் கேரட்டோடும் ஓசூர் முட்டைகோஸோடும் சேர்ந்து சிறு வியாபாரிகளின் மூட்டையில் திரும்பி வரலாம். அப்படித் திரும்பி வந்த கத்தரிக்காயை உள்ளூர்க் காய் என்று சொல்வதா என்று ஒரு முறை கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாங்குகிற மாதிரி இருந்தால் வாங்கு என்பது எழுதியிருந்தது.

சென்ற போகிக்கு முதல் நாள் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே சாக்கு விரித்து ஒரு அம்மா மொச்சை விற்றுக்கொண்டிருந்தார். கொட்டை வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தது. கேட்டேன்.

"கார்த்திகையோட மழ நின்னுப்போச்சு சார். காய் தெரளல."

"கொடியா, குத்தா?"

"கொடிதான். குத்து எப்ப வேணாக் காய்க்கும், அத எதுக்குப் பொங்கலுக்கு வாங்கணும்?"

ஒன்றரைப் படி அளந்து, மேலே ஒரு கை கொசுறு போட்டார். இரவு ஊறவைத்தோம். மறுநாள் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பிதுக்கி முடிக்க இரண்டு மணிநேரம் ஆனது. குழம்பு ஒரு வேளைக்கு வந்தது.